கலயத்துச் சுண்ணாம்பு

பனையேறும் தொழில் அருகிப்போன இந்நாளிலும், பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில் தலை நரைத்த ஒருவரிடம் பனையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அவர் தவறாமல் ஒரு விஷயத்தைச் சொல்லுவார். பாளையிலிருந்து சொட்டுகின்ற நீர் ஒன்றேதான்; கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் அது அக்கானியாக, அதாவது பதநீராக, இறங்கி, குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்கவும் கருப்பட்டியாகக் காய்ச்சவும் உதவும்; தடவாமல் கட்டினாலோ, நுரை கக்கிப் புளித்துக் கள்ளாகிவிடும். நேற்றுத் தடவிய சுண்ணாம்பு இன்றைக்கு உதவாது. கலயம் கட்டுகிற ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடவ வேண்டும். இது நல்ல பனை, இதன் நீர் தானாகவே இனிப்பாக நிற்கும் என்று நம்பி, எந்தப் பனையேறியும் சுண்ணாம்பை வீட்டில் வைத்துவிட்டு மரமேறியதில்லை.

மனிதன் விஷயத்தில் மட்டும் நாம் இந்தச் சிறிய உண்மையை மறந்துவிடுகிறோம். குடியினால் தேகமும் குடும்பமும் சீர்கெட்ட ஒருவன், கோவில் நடையில் சூடத்தை அணைத்தோ, குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றியோ, பெற்ற பிள்ளையின் தலையில் கைவைத்தோ, இனிமேல் தொடமாட்டேன் என்று பிரதிக்ஞை செய்கிறான். செய்கிற சமயத்தில் அது பொய்யுமல்ல. பத்து நாள் கழித்து, ஒரு கல்யாண வீட்டின் பின்புறத்திலோ, கூலி கைக்கு வந்த சனிக்கிழமை மாலையிலோ அந்தப் பிரதிக்ஞை உடைந்துபோனால், அவனுக்கு வைராக்கியம் இல்லை, ஒழுக்கம் இல்லை, பெண்டாட்டி பிள்ளைகள் மேல் பாசமும் இல்லை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கலயத்தில் சுண்ணாம்பு இருந்ததா என்று கேட்பவர் ஒருவருமில்லை. அந்தச் சுண்ணாம்பு எது, அது எங்கே கிடைக்கும், அதை எப்படித் தடவிக்கொள்வது என்பதை இயன்றவரை விளக்கிச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்தப் பிரதேசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1ஆம் தேதி ராஜ்யங்களின் எல்லை திருத்தி வரையப்பட்டபோது, திருவிதாங்கூரின் தென்கோடியிலிருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோட்டை வரைந்தவர்கள் வரைந்துவிட்டுப் போனார்களே ஒழிய, பாறசாலை, இஞ்சிவிளை, காரக்கோணம், பனச்சமூடு வட்டாரத்து மக்களின் நாக்கு அந்தக் கோட்டை இன்றளவும் முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும், கோபம் வந்தால் இரண்டும் கலந்த மூன்றாவது ஒன்றுமாக அவர்கள் பேசுகிறார்கள்; பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லைக்கு இருபுறமும் நடக்கின்றன; சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சௌகரியம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகிறார்கள்.

குடியும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மதுக்கடைகளுக்கு விடுமுறை. ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது வியாபாரத்தையும் தன்வசமாக்கிக்கொண்ட அரசு நிறுவனமான டாஸ்மாக்கிற்கு அந்த நியமம் கிடையாது. தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளையோ கூப்பிடு தூரம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை; கேரளத்திலோ கள்ளுக்கடைகள் லைசென்சு பெற்று நடக்கின்றன. ஆகவே ஒரு பக்கத்து விலக்கை மறுபக்கத்துக் கடை தீர்த்துவைக்கிறது. 1996 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கேரளத்தில் சாராயம் விலக்கப்பட்ட பிறகும் குடி குறைந்ததாகச் சொல்வார் இல்லை. குப்பியின் மேல் ஒட்டிய காகிதந்தான் மாறியது. அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகளை நிறுத்திக் கள்ளக் கடத்தலைப் பிடிக்கும் கேரள எக்ஸைஸ் இலாகாவே, மறுபக்கத்தில் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பொறுப்பையும் ஏற்றிருக்கிறது என்பதிலிருந்து, காவலினால் மட்டும் தீர்கிற விஷயம் இது அல்ல என்பதைச் சர்க்காரும் உணர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இது எல்லைக் கிராமங்களின் துயரம் மட்டுமல்ல. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் மது அருந்துவோர் ஏறக்குறைய 16 கோடிப் பேர். அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு, குடியினால் நேர்ந்த கேட்டிலிருந்து மீளப் பிறர் உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர் 38 பேரில் ஒருவரே; ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரோ 180 பேரில் ஒருவர்தான். மற்றவர்கள் எங்கே போனார்கள்? சிலர் சூடத்தை நம்பினார்கள். சிலரைப் பற்றிச் சொல்ல அவர்களுடைய விதவைகளே மிஞ்சியிருக்கிறார்கள்.

உபதேசத்துக்கு இந்நாட்டில் குறைவு இருந்ததில்லை. நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்த ஸ்ரீ நாராயண குரு, மது விஷம் என்றும், அதைச் செய்யவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்றும், கள் இறக்கும் தொழிலோடு பிணைந்திருந்த தம் சமூகத்தாரிடமே துணிந்து சொன்னவர். ஆயினும் உபதேசம் குடிக்காதவனைக் காக்குமேயன்றி, குடிக்குள் முழுகிப்போனவனைக் கரையேற்றுவது அரிது. இதைத் திருவள்ளுவர் நன்கு அறிந்திருந்தார் என்பதற்குக் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறட்பாக்களே சாட்சி. களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது வீண் பிரயத்தனம் என்று ஒன்பதாவது குறள் கைவிரித்துவிடுகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்தக் குறளைத்தான். ஆனால் அதை அடுத்து வருகிற பத்தாவது குறளை நிதானமாகப் படிப்பவர் குறைவு: தான் குடிக்காமல் தெளிவோடு இருக்கும் வேளையில் இன்னொரு குடியனைக் காண்கிறவன், தன் சோர்வையும் அதில் கண்டுகொள்ள மாட்டானோ என்று அது கேட்கிறது. அறிவுரை செல்லாத இடத்தில் ஒரு கண்ணாடி செல்லும் என்பதும், குடித்தவனுக்குக் கண்ணாடியாகக் கூடியவன் குடித்தவனே என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

இதே உண்மையை, வள்ளுவரை அறியாத இரண்டு மனிதர்கள் 1935இல் அமெரிக்காவில் அக்ரன் என்னும் நகரத்தில் தற்செயலாகக் கண்டடைந்தார்கள். ஒருவர் நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தரகராக இருந்த பில் வில்சன். குடியினால் உத்தியோகத்தையும் கௌரவத்தையும் இழந்து, சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தவர். ஒரு வியாபாரக் காரியமாக அக்ரனுக்கு வந்து, அது தோல்வியில் முடிந்து, தங்கியிருந்த ஹோட்டலின் முன்கூடத்தில் தனியே நின்றபோது, ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலியும் மறுபக்கம் தொலைபேசியும் இருந்தன. அவர் தொலைபேசியை எடுத்து, ஊர்த் தேவாலயங்களின் மூலமாக, தம்மைப்போன்ற இன்னொரு குடிகாரரைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். ஆபரேஷன் செய்ய வேண்டிய கை நடுங்கும் அளவுக்குக் குடித்தவர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்த அந்த மருத்துவர், ஆறு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். காரணம், வில்சன் உபதேசம் செய்யவில்லை. தம் கதையைச் சொன்னார். அந்த ஆண்டு ஜூன் 10ஆம் தேதி டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள். அந்த நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஏ.ஏ. என்று சுருக்கி அழைக்கப்படும் இச்சங்கம், கேரளம் பிறந்த மறுவருஷமான 1957இல் பம்பாயில் கால் ஊன்றி, பிறகு தேசமெங்கும் பரவியது.

சங்கம் என்றதும், தலைவர், காரியதரிசி, சந்தா, ரசீதுப் புத்தகம், ஆண்டு விழா மலர் என்று நமக்குப் பழக்கமான சாமக்கிரியைகள் மனத்தில் எழலாம். இங்கே அவை கிடையா. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே அங்கத்தினராவதற்குரிய தகுதி. நுழைவுக் கட்டணமில்லை, ஆதார் கார்டு கேட்பாரில்லை, ஜாதி, மதம், கட்சி விசாரிப்பாரில்லை. செலவுக்கு வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது விதி. அங்கத்தினர்களே ஒரு பையைச் சுற்றிவிட்டு இயன்றதைப் போட்டு வாடகையும் தேநீர்ச் செலவும் பார்த்துக்கொள்கிறார்கள், இயலாதவர் போடாமல் பையை அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பேசப்பட்டது அந்தரங்கமாகவே இருக்கும். யார் வந்தார்கள் என்பதும் வெளியே போகாது. பெயரற்றவர் என்னும் பொருள்பட அமைந்த அந்த ஆங்கிலப் பெயருக்கே அதுதான் அர்த்தம். ஓட்டு வாங்குகிறவனும் ஓட்டுப் போடுகிறவனும், டாக்டரும் நோயாளியும் ஒரே வரிசை நாற்காலியில் உட்காரக்கூடிய இடம் இந்நாட்டில் அபூர்வம். அத்தகைய இடங்களுள் இதுவும் ஒன்று.

அத்தகைய கூட்டத்துக்கு முதன்முதலாகப் போகிறவன் என்ன காண்பான்? பெரும்பாலும் ஒரு தேவாலயத்தை ஒட்டிய பாரிஷ் ஹாலோ, விடுமுறை நாளின் பள்ளிக்கூட வகுப்பறையோதான் இடம். இடம் சபையாருடையது என்பதனால் கூட்டம் மதக் கூட்டமாகிவிடுவதில்லை. பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் குடியிலிருந்து மீளச் சங்கம் வகுத்த பன்னிரண்டு படிகள் எழுதிய துணிப் பதாகை, ஒரு மூலையில் கட்டஞ்சாயா என்னும் பாலில்லாத் தேநீர் நிறைந்த பிளாஸ்க். வந்தவன் நேரே உள்ளே நுழையமாட்டான். வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் நின்று, தெரிந்த முகம் ஏதேனும் இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்ப்பான், இருந்துவிடக் கூடாதே என்பதுதான் அவனுடைய பிரார்த்தனை. அதைப் பழையவர்கள் அறிவார்கள். ஏனெனில் அவர்களும் ஒருநாள் அதே வாசலில் அதே செருப்போடு நின்றவர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, "வா மக்கா, இரி, ஒண்ணும் பேசண்டாம், கேட்டிருந்தாப் போதும்" என்பார். வந்தவன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, "நான் அந்த அளவு பெரிய குடிகாரன் ஒண்ணும் இல்லண்ணே" என்று முணுமுணுப்பான். "நானும் இங்க வந்த அன்னைக்கு அதத்தான் சொன்னேன்" என்று பதில் வரும். அதற்குமேல் அங்கே விவாதம் நடப்பதில்லை. தேநீர்க் குவளை ஒன்று அவன் கைக்கு வரும், கை நடுங்குகிறவனுக்கு அரைக்குவளை.

பிறகு கூட்டம் தொடங்குகிறது. ஒரு நிமிஷ மௌனம். சங்கத்தின் நோக்கத்தைச் சொல்லும் ஒரு சிறு வாசகம். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். தன் பெயரை மட்டும் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கி, குடித்த காலத்தில் எப்படி இருந்தேன், என்ன நேர்ந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று தன் அனுபவத்தைச் சொல்வது முறை. எல்லைப் பிரதேசத்து மனிதர்கள் கூடினால் ஒருவர் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், அதை யாரும் விநோதமாகக் கருதமாட்டார்கள். பேசுகிறவரை இடைமறித்து அறிவுரை சொல்லக் கூடாது. அப்படியா செய்தாய் என்று யாரும் வாயைப் பிளக்கக் கூடாது. மகளின் காதணியை அடகு வைத்தவன், அப்பனின் சவ அடக்கத்தன்று குழிவெட்டப் போகாமல் கடை வாசலில் கிடந்தவன், குப்பியைக் கிணற்று வாளிக்குள் ஒளித்துவைத்தவன் என்று கதைகள் ஒவ்வொன்றாக வெளிவரும்போது, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த புதியவன் மெல்லப் பின்னால் சாய்கிறான். தான் செய்த இழிவுகள் உலகத்தில் தான் ஒருவனே செய்தவை அல்ல என்று அவன் அறிந்துகொள்ளும் அந்த க்ஷணந்தான் சிகிச்சையின் ஆரம்பம். அவமானம் ஒருவனைத் தனியே அடைத்துவைக்கிறது, தனிமை அவனைக் குப்பியிடம் கொண்டுபோய் விடுகிறது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அந்த அறையில் அறுந்துபோகிறது.

இனி ஆயுள் முழுவதும் குடிக்காதே என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அந்தப் பாரத்தைத் தூக்க முடியாமல்தான் அவன் பலமுறை விழுந்திருக்கிறான். இன்று ஒருநாள் முதல் குவளையைத் தொடாதே, நாளையைப் பற்றி நாளைக்குப் பேசுவோம் என்பதே அவர்களுடைய சூத்திரம். அந்த ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மனம் அலைபாய்ந்தால் போன் செய்து பேசுவதற்கு, ஸ்பான்சர் என்று அவர்கள் அழைக்கும் ஒரு மூத்த துணைவர் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கும் அலுத்துக்கொள்ளாமல் போனை எடுக்கிற அவர், பரோபகாரத்துக்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை, புதியவனுக்குத் துணைநிற்பதே தம்மையும் தெளிவில் நிறுத்துகிறது என்ற அனுபவ ஞானத்தினாலும் செய்கிறார். அன்றாடம் தடவும் சுண்ணாம்பு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்.

இதெல்லாம் வெறும் உணர்ச்சி விஷயமல்லவா, விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்குகொண்ட 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஏ.ஏ. கூட்டங்களோடு நோயாளியை முறையாக இணைத்துவிடும் சிகிச்சையைப் பெற்றவர்களில், ஓராண்டு கழிந்தபோது முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர். வேறு வகை மனோதத்துவச் சிகிச்சைகளைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேர். நூற்றுக்கு நூறு அல்லவே என்று ஏளனம் செய்யலாம். ஆனால் நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நாம் அத்தகைய நிபந்தனையை விதிப்பதில்லை. கட்டுப்பாட்டில் இருந்தால் போதும் என்று திருப்தி அடைகிறோம். இலவசமாக நடக்கும் ஒரு கூட்டம், பயிற்சி பெற்ற நிபுணர்களின் சிகிச்சைக்கு ஈடாகவும் சில சமயம் மேலாகவும் நிற்கிறது என்பது சாமானிய விஷயமன்று.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே போவது பாவமாகும். பல வருஷங்களாக நாள்தோறும் குடித்துவந்தவன், உற்சாகத்தினால் ஒரே நாளில் தானாக நிறுத்திவிடக் கூடாது. கடைசியாகக் குடித்ததிலிருந்து ஆறேழு மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியவை தொடங்கும். இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சிகள் ஊர்வதாகவும் இல்லாத ஆட்கள் கூப்பிடுவதாகவும் தோன்றும் கடுமையான நிலை ஏற்படலாம். சிகிச்சையின்றி விட்டால் அது உயிருக்கே ஆபத்து. குடி நிறுத்தினான், அதனால்தான் செத்தான் என்று கிராமங்களில் சொல்லப்படும் கதைகளின் பின்னால் இருப்பது இந்த வியாதியே. மருத்துவர்கள் இதற்குத் தகுந்த மாத்திரைகளையும், பி1 வைட்டமின் ஊசியையும் கொடுத்துச் சில நாட்களில் தேகத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அதேபோல, குடிகாரனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் மருந்துகளையும் வாங்கவேண்டாம். மருந்தின் குணமறியாமல் அவன் மேலும் குடித்தால், நெஞ்சுத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாகி விபரீதம் நேரலாம்.

ஆகவே முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம் என்பதே நெடுநாள் குடித்தவனுக்கு உகந்த வழி. இவ்விஷயத்தில் நெய்யாற்றின்கரைவாசிகள் பாக்கியசாலிகள். கேரள சர்க்கார் 2016இல் தொடங்கிய விமுக்தி இயக்கத்தின் கீழ், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் குடிமீட்புச் சிகிச்சை நிலையம் அமைக்கப்பட்டபோது, திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டது தலைநகரத்து ஆஸ்பத்திரி அன்று, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியே. காரக்கோணத்தில், இமயத்தின் எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்றவரும் பிறகு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் தொண்டு செய்தவருமான டாக்டர் சாமர்வெல்லின் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவற்றின் மனநல மருத்துவரைப் பார்ப்பது பைத்தியத்துக்கு வைத்தியம் செய்துகொள்வது என்ற பழைய கூச்சத்தை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பதும் அப்படியொன்றும் பிரம்மவித்தை அல்ல. சிகிச்சை நிலையத்து ஆலோசகரிடம் கேட்டால், பக்கத்தில் எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள் என்று சொல்லுவார். எக்ஸைஸ் அலுவலகத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்து ஆஷா பணியாளரிடமும், தேவாலயத்துக் குருவானவரிடமும் விசாரிக்கலாம். ஏ.ஏ.யின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது; அதன் மூலமாகவும் உள்ளூர்க் குழுவின் தொடர்பைப் பெறலாம். போனில் பேசும்போது இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பது. திறந்த கூட்டத்துக்கு மனைவியும் மகனும் நண்பரும் கூட வரலாம், மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியது. மற்றொன்று, எந்த மொழியில் பேசுவார்கள் என்பது. துக்கத்தைத் தாய்மொழியில் சொன்னால்தான் நெஞ்சு லேசாகும்.

எல்லைக் கிராமத்தவனுக்கு இதில் ஒரு விசேஷ சௌகரியமும் உண்டு. ஊரில் எல்லோரும் உறவினர். பஞ்சாயத்து மெம்பர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை யாவருக்கும் யாவரையும் தெரியும். ஆகையால் சொந்த ஊர்க் கூட்டத்தில் போய் உட்காருவதற்கு ஆரம்பத்தில் கால் எழாமல் போவது இயல்பே. அப்படிக் கூச்சப்படுகிற பாறசாலைக்காரன் குழித்துறைக்கோ மார்த்தாண்டத்துக்கோ பஸ் ஏறலாம். களியக்காவிளைக்காரன் நெய்யாற்றின்கரைக்குப் போகலாம். ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்று ஏ.ஏ.யில் கேட்பவர் இல்லை. முதல் தேதியன்று குப்பி வாங்குவதற்காகக் கடந்துபோன அதே எல்லையை, குப்பியை விடுவதற்காகவும் ஒருமுறை கடந்து பார்க்கலாமே!

இந்நோய் ஒருவன் குடித்து ஒன்பது பேரைத் தள்ளாட வைக்கும் நோய். அவனுக்காக மேஸ்திரியிடம் பொய் சொல்லி, கடனை மறைத்து, வாந்தியைக் கழுவி, நாற்பது வயதில் அறுபது வயதுத் தோற்றம் கொண்டுவிட்ட மனைவிக்கும் மருந்து வேண்டும். அதற்காகவே பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான் என்னும் குடும்பத்தார் குழு இருக்கிறது. கணவனின் குடிக்கு அவள் காரணமல்ல, அவளால் அதைக் கட்டுப்படுத்தவும் இயலாது, அவன் சாகக் கிடக்கிறான் என்பதற்காக அவளும் சாகவேண்டியதில்லை என்பதை அங்கே அவள் கற்றுக்கொள்கிறாள். குப்பியைத் தேடி உடைப்பதையும், விடிந்ததும் அவனுக்காக வேலைக்கு லீவு சொல்வதையும் அவள் நிறுத்தும்போது, தன் குடியின் பலனை அவனே முதன்முதலாக முழுக்க அனுபவிக்க நேர்கிறது; பல ஆண்கள் மனம் திரும்பியது அந்தக் காலையில்தான். கேரளத்துப் பெண்களின் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் வாரந்தோறும் கூடுகின்ற பெண்கள், சேமிப்புத் தொகையையும் கடன் தவணையையும் எண்ணி முடித்த பிறகு, இந்தச் செய்தியையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களானால் புண்ணியமாகும். பெண்களிலும் குடிநோயாளிகள் உண்டு. அவர்களை ஊர் மன்னிப்பதேயில்லை என்பதனால், கதவை அடைத்துக்கொண்டு மடிகிறார்கள். கூட்டத்தின் நாற்காலி அவர்களுக்கும் உரியது.

கடவுள் என்ற சொல் அந்தப் பன்னிரண்டு படிகளில் வருகிறதே, எனக்கு அதில் நம்பிக்கையில்லையே என்று சொல்பவர்களும் உண்டு. தம்மினும் பெரிய ஒரு சக்தி என்று மட்டுமே அங்கே கேட்கிறார்கள். அது எது என்பதை அவரவர் அபிப்பிராயத்துக்கு விட்டுவிடுகிறார்கள். அந்த அறையில் கூடியிருக்கும் பத்துப் பேரையே தன்னினும் பெரிய சக்தியாகக் கொண்டு தெளிந்தவர்கள் பலர். அதுவும் ஒவ்வாதென்றால், ஆஸ்பத்திரியின் குழு ஆலோசனைக்குப் போகலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில், சிகிச்சையும் குடும்பத்துக்கான பயிற்சியும் சேர்ந்தே கிடைக்கின்றன. எந்த வழியானாலும் சரி, தனியே நடக்காதே என்பதுதான் சாரம்.

கூட்டத்துக்குப் போகத் தொடங்கியவன் இடையில் ஒருநாள் சறுக்கிவிட்டால்? சறுக்குவான், பலர் சறுக்கியிருக்கிறார்கள். அப்போது வீட்டார் செய்யவேண்டியது சொல்லிக்காட்டுவது அன்று. அவன் செய்யவேண்டியது வெட்கப்பட்டு ஒளிவதும் அன்று. அடுத்த கூட்டத்துக்குப் போய், குடித்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு அதே நாற்காலியில் உட்காருவதே பிராயச்சித்தம். ஒருநாள் கலயம் புளித்துவிட்டது என்பதற்காக எவரும் பனையை வெட்டிச் சாய்ப்பதில்லை. கலயத்தைக் கழுவி, மறுபடியும் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார்கள்.

இதை வாசிக்கும் உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ, அடுத்த வீட்டில் ராத்திரியில் சத்தம் கேட்கிறதே, அவர்களுக்கோ இது பயன்படலாம். ஆகவே மூன்று எண்களைக் காலண்டரின் ஓரத்தில் குறித்துவையுங்கள்: கேரளத்தின் விமுக்தி உதவி எண் 14405, போதைமீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் 14416. மூன்றுக்கும் கட்டணமில்லை. குடித்திருக்கும்போது அவரிடம் இதைப் பற்றிப் பேசவேண்டாம். மறுநாள் காலையில், தலைவலியோடும் பச்சாத்தாபத்தோடும் அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, ஒரு குவளை கட்டஞ்சாயாவைக் கையில் கொடுத்துவிட்டு, "நானும் கூட வாறேன், ஒரு தடவை போய்ப் பாப்பமா?" என்று கேளுங்கள்.